முடி இறக்கும் வரிசையில்

சொறியாதே என்று சொல்ல வாயெடுத்த மேகலா, சுற்றிலும் இத்தனை பேர் இருப்பது நினைவுக்கு வந்து, அந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டு, "கையக் கீழ போடு தர்ஷி" என்றாள். தர்ஷிகா கையைக் கீழே போட்டாள். போட்ட கை சும்மா இருக்குமா, பாவாடை ஓரத்தைத் திருகியது, வளையலை உருட்டியது, காதைத் தொட்டது, காதிலிருந்து மெல்ல மேலே ஏறப் பார்த்தது. ஏழு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம்தான் அடக்கும். அரித்தால் அரிக்கத்தானே செய்யும். மேகலாவுக்கே அரித்தது. அவள் தலையில் ஒன்றும் கிடையாது, தினமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து வகிடு வகிடாகப் பார்க்கிறாள், ஒரு பொடுகுகூடக் கிடையாது, இருந்தும் பிள்ளையின் கை மேலே போகும்போதெல்லாம் இவள் பின்மண்டையில் ஏதோ ஊர்ந்தது. மண்டபம் முழுக்க ஈரமுடி நாற்றம். ஆற்றங்கரை அம்மன் கோயில், ஆடி மாதம், கேட்கவா வேண்டும், மொட்டை போட வந்த கூட்டம் தூணுக்குத் தூண் வளைந்து நின்றது. வரிசை நகர்ந்தால் பயமாக இருந்தது. நகராமல் நின்றால் அதைவிடப் பயமாக இருந்தது. பிள்ளையின் தலையில் சுற்றியிருந்த பூப்போட்ட ஸ்கார்ஃபின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். வெயில் படக்கூடாது என்று கட்டியிருப்பதாகக் கதிரேசனிடம் சொல்லியிருந்தாள். அவன் நம்பினான். அவளுடைய புருஷன் எதைத்தான் நம்பமாட்டான், வெளியே செருப்புக்குக் காவலாகப் பைக் மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பான், பாவம்.

வேண்டுதலையும் அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள், அதுதான் வேடிக்கை, முன்கூட்டி ஒரு யோசனையும் இல்லை, தோசையைத் திருப்பிப் போடும்போது வாயில் வந்துவிட்டது: "தர்ஷிக்கு அப்ப ரொம்பக் காய்ச்சலா இருந்துச்சுல்ல அத்தை, அப்ப மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டேன். மறந்தே போச்சு." மாமியார் சாப்பிட்ட கையோடு கும்பிட்டாள். அம்மன் கடனை அப்படி வச்சிருக்கலாமா, அதான் பிள்ளை எப்பப் பாரு சோர்ந்து கிடக்கு, இந்த ஆடியிலேயே முடிச்சிருவோம் என்றாள். ஓரகத்தி சத்யா புது மஞ்சள் துண்டு வாங்கிக் கொடுத்தாள், மொட்டைத் தலையில் போர்த்துவதற்கு. அந்தத் துண்டு இப்போது மேகலாவின் தோளில் கிடந்து கழுத்தை உறுத்தியது. சத்யாவின் இரண்டு பிள்ளைகளும் தர்ஷியும் ஒரே பாயில்தான் படுப்பார்கள். படுத்தார்கள். இப்போது மேகலா ஏதேதோ சாக்குச் சொல்லிப் பிரித்துப் போட்டிருக்கிறாள், பிள்ளை தூக்கத்தில் உதைக்கிறாள் என்று ஒரு பொய், ஏசிக் காற்று ஆகவில்லை என்று ஒரு பொய். பொய் சொல்ல இவ்வளவு சுலபமாக வரும் என்று தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அம்மன் பெயரிலேயே ஒன்று சொல்லியாயிற்று, இனி மற்றதெல்லாம் என்ன. மண்டபத்துச் சுவரில் அம்மன் படம் இருந்தது, பெரிய கண். மேகலா அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள். பார்க்காமல் நின்றால் மட்டும் என்ன, கண் அவளைப் பார்க்காதா.

முதலில் அது ஒரு காசு அளவுதான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை போடும்போது வகிட்டுக்குப் பக்கத்தில் விரல் வழுக்கிற்று, முடி இருக்க வேண்டிய இடத்தில் முடி இல்லை, வெள்ளைச் செதில் மட்டும் உதிர்ந்தது. புழுவெட்டு என்று அவளே முடிவு கட்டினாள். புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம், யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், அதனால் யாரையும் கேட்காமல் வெங்காயத்தை நறுக்கி வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தாள். பிள்ளை எரியுது எரியுது என்று துள்ளியது. எரிந்தால்தான்டி முடி முளைக்கும் என்று இவள் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். எரிந்தால் முடி முளைக்கும் என்று எந்த மகராசி சொன்னாளோ. அப்புறம் மெடிக்கலில் ஒரு ட்யூப். தடவினதும் சிவப்பு மறைந்தது, அரிப்பு நின்றது, அப்பாடா என்று இருந்தது, அந்த மெடிக்கல்காரருக்கு மனசுக்குள் கோயிலே கட்டினாள். ட்யூப் தீர்ந்த வாரமே அது உள்ளங்கை அளவுக்கு விரிந்து, ஓரமெல்லாம் கொப்புளம் கட்டி, சீழ் கோத்து நின்றது. பிறகுதான் யாருக்கும் தெரியாமல் தோல் டாக்டரிடம் ஓடினாள். அந்த அம்மா ஒரு விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்கள், படர்தாமரைம்மா, தலையில வந்திருக்கு, பூஞ்சைதான், மாத்திரை நாள்பட சாப்பிடணும், வெங்காயமும் அந்தக் க்ரீமும் இனிமே தொடாதீங்க. படர்தாமரை. பெயரைக் கேட்டால் பெண்குழந்தைக்கு வைக்கலாம் போலிருக்கிறது. சீப்பு, தலகாணி, துண்டு தனித்தனியா வைங்க, சின்னப் பிள்ளைங்களுக்குச் சீக்கிரம் ஒட்டும். மொட்டை போட்டா போயிருமா டாக்டர் என்று இவள் கேட்டதற்கு, போகாதும்மா, அது வேர்ல இருக்கு என்றார்கள். வேரில் இருக்கிறது. எழுந்து வரும்போது அந்த அம்மா கேட்டார்கள், வீட்டில் பூனை, நாய், மாடு ஏதாவது உண்டா, பூனைக்குட்டியிலேருந்து பிள்ளைங்களுக்கு நிறைய வரும், இருந்தா அதையும் வைத்தியத்துக்குக் காட்டுங்க, சரியாயிரும். இல்லீங்க என்றாள் மேகலா. அது பொய் இல்லை. அப்போது இல்லைதான், அதற்கு முன்னால் இருந்தது.

சிட்டு. தர்ஷி வைத்த பெயர். தண்ணீர் மோட்டார் ரூமுக்குப் பின்னால் எங்கிருந்தோ வந்து சேர்ந்த சாம்பல் நிறக் குட்டி, ஒரு கைக்குள் அடங்கும், தர்ஷியின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் சுருண்டுகொண்டு மோட்டார் மாதிரியே சத்தம் போடும். பிள்ளை அதன் நெற்றியைத் தன் நெற்றியோடு ஒட்டி வைத்துக்கொண்டு ரகசியம் பேசுவாள். அதற்குக் காதோரத்தில் முடி கொட்டியிருந்தது, மூக்கின் மேலும் ஒரு வட்டம். யாரோ வெந்நீர் ஊற்றிவிட்டார்கள் என்று மேகலா உச்சுக் கொட்டினாள், பால்கூட ஊற்றினாள். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனதும்தான் அருவருப்பு வந்தது, அருவருப்பு என்ன அருவருப்பு, பயம். சொறிப்பூனை என்று யாராவது சொல்வதற்கு முன்னால் இதை ஒழித்துக்கட்ட வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தபோது ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டு, வாயைக் கயிற்றால் கட்டி, மீன் மார்க்கெட் பின்பக்கம் கொண்டுபோய் அவிழ்த்து விட்டாள். அது ஓடவில்லை. பைக்குள்ளேயே திரும்பி ஏறப் பார்த்தது. பையை உதறிவிட்டு வந்துவிட்டாள். சிட்டு அவங்க அம்மாகிட்டப் போயிருச்சு என்று சொன்னபோது தர்ஷி அழவே இல்லை, அப்படியா என்று மட்டும் கேட்டாள். பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்று மேகலா நிம்மதிப்பட்டாள். எவ்வளவு பெரிய முட்டாள், மேகலா நிம்மதிப்பட்டாள்.

"அக்கா, இன்னும் நேரமாகுமாக்கா?" பின்னால் இருந்து ஒரு பெண் கேட்டாள். பெயர் அனுசுயா, அரியலூர்ப் பக்கமாம், வந்து நின்ற சற்று நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், முதல் மொட்டையாம், காதும் குத்தணுமாம், தாய்மாமன் மடியில் உட்கார வைக்க அவள் தம்பி கொஞ்சம் தள்ளி வாழைப்பழச் சீப்போடு நிற்கிறானாம். இடுப்பில் ஒரு கொழுகொழு பெண்குழந்தை, தலை நிறையச் சுருள்முடி, மேகலாவின் தோளிலிருந்த மஞ்சள் துண்டைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கப் பார்த்தது. மேகலா துண்டைச் சட்டென்று உருவிக்கொண்டாள். புதுத்துண்டு, இன்னும் தர்ஷி மேலேகூடப் படவில்லை, ஆனாலும் உருவிக்கொண்டாள். முன்னால் எட்டிப் பார்த்தாள். கண்ணாடி போட்ட ஒருத்தர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தலைக்கும் புது ப்ளேடு, காகிதத்தைப் பிரித்து, பாதியாக உடைத்து, கத்தியில் சொருகினார். அதைப் பார்த்ததும் மேகலாவுக்கு உயிர் வந்தது. நான் என்னவெல்லாம் நினைத்துச் செத்தேன், புது ப்ளேடுதானே, ஒருத்தர் தலையிலிருந்து இன்னொருத்தருக்கு எப்படிப் போகும். வந்த உயிர் நிற்கவில்லை. ப்ளேடைச் சொருகிவிட்டு அவர் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் வாளியில் கையை முக்கி, அந்த ஈரக்கையால் தலையை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அதே வாளி. அதே கை. முடி இறங்கியதும் எல்லோருக்கும் ஒரே கிண்ணத்துச் சந்தனம், அதே விரல். தர்ஷியின் மண்டையில் தேய்த்த கை அடுத்ததாக எங்கே போகும்? மேகலா திரும்பிப் பார்த்தாள். சுருள்முடிக் குழந்தை அவளைப் பார்த்து ஈயென்று சிரித்தது, கீழே மட்டும் ஒரு பல்.

"நீங்க முன்னாடி போங்க" என்றாள் மேகலா. அனுசுயா வேண்டாங்க்கா, உங்க பாப்பாவும் நிக்குதே என்றாள். இல்ல இல்ல, கைக்குழந்தை, வெயில் ஏறுதுல்ல, போங்க. அனுசுயா முகம் மலர்ந்து, நல்லாயிருப்பீங்கக்கா என்று முன்னால் போனாள். நல்லாயிருப்பீங்க. மேகலாவுக்கு அழுகை வரும்போலிருந்தது. சரி, முடிந்தது, இனி பயமில்லை என்று ஒரு மூச்சு விட்டுத் திரும்பினால், அனுசுயா நின்ற இடத்தில் ஒரு தாத்தா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை, தர்ஷி வயதுதான் இருக்கும். "நீங்களும் போங்க ஐயா, எங்க வீட்டுக்காரர் வரணும்." அவர் போனார். அவருக்குப் பின்னால் ஒரு புது மாப்பிள்ளை, சரி, பெரிய ஆள், பெரியவர்களுக்கு அவ்வளவாக ஒட்டாது என்று படித்திருந்தாள், ஆனால் அவன் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும், அக்கா குழந்தை, அண்ணன் குழந்தை, மொட்டைத் தலையைத் தடவிப் பார்க்காத குழந்தை உண்டா. நீங்களும் போங்க. இப்படியே ஒவ்வொருத்தராக விட்டுக்கொண்டிருந்தால் கடைசி ஆளாக ஆகிவிடலாம், கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, அப்போது போய் உட்காரலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். ஆடி மாதத்து அம்மன் கோயிலில் கடைசி ஆள்! அவள் விடவிட வாசலில் ஆள் வந்துகொண்டே இருந்தது. பிறகு அந்த முடி. தகர டிரம்மில் எல்லோருடைய முடியும் ஒன்றாகக் குமிந்து கிடந்தது. ஏலத்துக்குப் போகுமாம், வெளிநாட்டுக்குப் போகுமாம், டோப்பா செய்வார்களாம். வேகவைப்பார்களா, சோப்புப் போடுவார்களா, எந்தத் தேசத்திலோ எந்தப் பெண்ணோ அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்புவாளா. எண்ணம் கடல் தாண்டிப் போய்விட்டது, கால் மட்டும் இங்கே ஈரச் சிமெண்டில் ஒட்டிக்கொண்டு நின்றது.

எல்லாம் எதற்காக? ஒரு பெயருக்காக. மேகலா நாலாவது படிக்கும்போது அவளுக்கும் தலை முழுக்கப் புண். இதேதானா, வேறெதுவோ, யார் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார். தினம் தன் டிபன் பாக்ஸ் மூடியில் அவளுக்குச் சோறு வைத்துக் கொடுக்கிற ரெஜினா, ஒருநாள் இவள் கை நீட்டியபோது மூடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "தொடாதடி" என்றாள். புண் ஆறிவிட்டது. முடி முளைத்து இடுப்பு வரை வந்தது. சொறித்தல மேகலா என்ற பெயர் மட்டும் ஆறவே இல்லை, பள்ளி முடிக்கும் வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது, கல்யாணத்தில் மொய் எழுத வந்த ஒருத்தன்கூட மேடைக்குக் கீழே நின்று கூட்டாளியிடம் அதைச் சொல்லிச் சிரித்ததைக் காதால் கேட்டாள். தர்ஷிக்கு அது வரக்கூடாது. மொட்டை அடித்துச் சந்தனத்தைக் குழைத்துப் பூசிவிட்டால் யாருக்குத் தெரியும், மொட்டைத் தலையில் நாலு கீறல் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள், முடி வளர்வதற்குள் மாத்திரை வேலை செய்துவிடும். மாத்திரையை அவள் கடுகு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். தைலத்தைப் பால் கவரில் கையை நுழைத்துக்கொண்டு தடவுகிறாள். பிள்ளை டிவி பார்த்துக்கொண்டே மடியில் சாய வந்தால், தள்ளிப் படுடி, புழுக்கமா இருக்கு என்கிறாள். ஒருநாள், அம்மா, தலையத் தடவி விடேன் என்று கேட்டது. கரண்டியோடு நிற்கிறேன், பாரு என்றாள். அதற்குப் பிறகு பிள்ளை கேட்கவில்லை. கேட்காதது நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள், ஆனால் நெஞ்சில் அது முள்ளாகக் குத்திக்கொண்டு கிடந்தது, இப்போதும் குத்துகிறது.

குழந்தை வீறிட்டது. மாமன் மடியில் சுருள்முடி கொத்துக் கொத்தாக விழுந்து, உள்ளே இருந்து ஒரு புது மண்டை பளபளவென்று வெளியே வந்தது. சந்தனம் பூசினார்கள். அனுசுயா அதைத் தூக்கிக்கொண்டு நேரே மேகலாவிடம்தான் வந்தாள், நன்றி மறக்காத பெண். "பாருக்கா, எப்படி ஆயிருச்சுன்னு. அக்காவுக்குக் காட்டு, அக்காவுக்கு முத்தம் குடு." தர்ஷியின் முகம் அன்றைக்குத்தான் முதல்முறையாக மலர்ந்தது. எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரே வழிதான் தெரியும், சிட்டுவிடம் பழகிய வழி, நெற்றியோடு நெற்றி. ஸ்கார்ஃப் சரிந்துகிடந்த தலையைக் குனிந்து, அந்தப் புது மண்டையோடு ஒட்ட வைக்கப் போனாள்.

"தொடாதே!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று மேகலாவுக்கே தெரியவில்லை. மண்டபம் திரும்பிப் பார்த்தது. கண்ணாடிக்காரர் கத்தியை நிறுத்தினார். அனுசுயாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோய், பிறகு மெதுவாக வேறொன்றாக மாறியது. கோபம்கூட இல்லை. எத்தனையோ தடவை பார்த்த ஒன்றைத் திரும்பவும் பார்க்கிற முகம். அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "சரிங்க" என்றாள். இதுவரை வாய்க்கு வாய் அக்கா என்றவள். "நாங்க தொட்டா தீட்டுங்களா? கோயிலுக்குள்ளகூடவா?" அவள் தம்பி மடியில் கிடந்த முடியை உதறிவிட்டு எழுந்தான். மேகலா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தாள். பேசாமல் நின்றுவிடலாம். ஜாதி பார்க்கிறவள் என்று நினைத்துவிட்டுப் போகட்டும், முகம் தெரியாத பெண், இன்னொரு தரம் பார்க்கவா போகிறோம், பிள்ளையின் மானமாவது மிஞ்சும். அப்படி ஒரு கணம் நினைக்கத்தான் செய்தாள். அந்த ஒரு கணத்தில் அனுசுயாவின் கை குழந்தையின் தலையை மறைத்துக்கொண்டதைப் பார்த்தாள், ரெஜினாவின் கையிலிருந்த மூடியைப் பார்த்தாள், மூடி இந்தத் தடவை தன் கையில் இருந்தது. தர்ஷியின் ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"உங்களுக்குத் தீட்டு இல்லம்மா. எங்களுக்குத்தான்" என்றாள். "இங்க பாருங்க. என் பொண்ணுக்குத் தலையில படை. ஒட்டும். குழந்தைக்கு ஒட்டிரும்னுதான் கத்துனேன். வேண்டுதல்லாம் ஒண்ணும் கிடையாது. இத மறைக்கத்தான் கூட்டிட்டு வந்தேன்." சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிடும் என்று யாரோ சொல்வார்களே, அதெல்லாம் ஒன்றும் இல்லை. அனுசுயா எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் போனாள். போகத்தானே செய்வாள், அவள் பிள்ளை அவளுக்கு. ஆனால் போனவள், "வலிக்குதா பாப்பா?" என்று கேட்டாள். கண்ணாடிக்காரர், "காயத்து மேல கத்தி படக்கூடாதும்மா, ஆறட்டும், அப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டு வாளித் தண்ணீரைப் பார்த்தார். தாத்தா தன் பேத்தியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். எதிர்பார்த்ததெல்லாம் நடந்தது, எதிர்பார்த்த அளவுக்குத்தான் நடந்தது.

தர்ஷி யாரையும் பார்க்கவில்லை. திறந்து கிடந்த தலையோடு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சிட்டுக்கும் இதே மாதிரிதான இருந்துச்சு" என்றாள். "கட்டைப்பையில அதோட முடி ஒட்டியிருந்துச்சும்மா. மீன் வாடை வேற அடிச்சிச்சு. நான் மோந்து பாத்தேன்." பிறகு, சண்டை போடாமல், ஒரு சந்தேகத்தைக் கேட்பது போலக் கேட்டாள்: "எனக்கு இன்னும் பெருசானா என்னைய எங்க கொண்டுபோய் விடுவம்மா?"

வெளியே வெயில் கொளுத்தியது. கதிரேசன் போனிலிருந்து தலையைத் தூக்கி, முடியோடு வருகிற மகளையும் அழுதுகொண்டு வருகிற மனைவியையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன, மொட்டை போடலையா?" என்றான். "வண்டிய எடுங்க. மீன் மார்க்கெட் வழியாப் போகணும். எல்லாத்தையும் போற வழியில சொல்றேன்" என்றாள் மேகலா. கோயிலுக்கு வந்துட்டு மீன் வாங்கவா என்று அவன் ஆரம்பித்தான், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தர்ஷி நடுவில் ஏறி உட்கார்ந்தாள். தோளிலிருந்த மஞ்சள் துண்டை மேகலா எடுத்து அவள் மடியில் வைத்தாள். "இதுல சுத்தித் தூக்கிக்கலாம். டாக்டர்கிட்டக் காட்டலாம்." "அது அங்க இல்லேன்னா?" இத்தனை நாளாகிவிட்டது, அது அங்கே இருக்காது என்றுதான் மேகலாவுக்குத் தோன்றியது, பைக்குள் திரும்பி ஏறப் பார்த்த அந்தச் சின்னக் கால்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன, ஆனால் இந்த ஒன்றுக்காவது பொய் சொல்லக்கூடாது. "தெரியலடி தங்கம்" என்றாள். பின்னால் ஏறி உட்கார்ந்து, பிள்ளையின் தலையில், அந்தப் புண்ணுக்கு ஓரமாக, கவர் இல்லாத கையை வைத்தாள். தலை வெயிலில் சுட்டது. தர்ஷி மெதுவாகப் பின்னால் சாய்ந்துகொண்டாள்.